சட்டம் இயற்றுவோருக்கும் ஒரு சட்டம்



சட்டம் எங்கே பிறக்கின்றது என்று கேட்டால், பாராளுமன்றத்திலே பிறக்கின்றது என்று பள்ளிச் சிறுவரும் விடை கூறுவர். அப்பாராளுமன்றம் தான் விரும்பிய எதனையும் சட்டமாக்கிவிடலாமா என்று கேட்டாலோ, கற்றறிந்த பெரியோரும் சற்றே தயங்குவர். மக்கள் தேர்ந்தெடுத்த சபையைத் தடுத்து நிறுத்த யாருக்கு உரிமை உண்டு என்று சிலர் எண்ணுவர். பெரும்பான்மை இருந்தால் எதையும் செய்யலாம் என்றால் சிறுபான்மையோரின் கதி யாது என்று வேறு சிலர் அஞ்சுவர். இவ்விரு எண்ணங்களுக்கும் இடையிலேதான் அரசியலமைப்பு என்னும் பெருஞ்சட்டம் நிற்கின்றது. அது வகுக்கும் எல்லைகள் எவை, அவற்றைக் காக்கும் நீதிமன்றம் எவ்வாறு ஆராய்கின்றது என்பவற்றையே இன்றைய பேச்சிலே கூற விழைகின்றேன்.

எமது அம்பாறைக் கரையோரத்து வயல்வெளிகளிலே வட்டைவிதானையார் என்று ஒருவர் உண்டு. எந்த வாய்க்காலுக்கு எந்நாளில் நீர் பாய வேண்டும் என்பதை நடத்துவிப்பவர் அவரே. ஆயின், விதைப்புக்கு முன்னர் விவசாயிகள் கூடி ஏற்றுக்கொண்ட முறைக்கு அடங்கியே அவர் நீரைப் பங்கிடல் வேண்டும். ஒருவர்மீது மனக்கசப்புக் கொண்டு அவருடைய வயலுக்குச் செல்லும் வாய்க்காலை மாத்திரம் அடைத்துவிட அவருக்கு அதிகாரமில்லை. பங்கிடும் அதிகாரம் வேறு, தண்டிக்கும் அதிகாரம் வேறு. இந்த எளிய வேறுபாட்டை மனத்திற் கொண்டால், பின்னர் நாம் காணப்போகும் பெரிய வழக்குகளும் எளிதில் விளங்கும்.

இங்கிலாந்திலே எழுதப்பட்ட ஒரே அரசியலமைப்பு என்று ஒன்றில்லை. அங்கே பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தைச் செல்லாதென்று நீதிமன்றம் தள்ளிவிடுவதில்லை. இலங்கைக்கு 1948 இல் சுதந்திரம் வந்தபோது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்போ அவ்வாறு அமையவில்லை. அதன் 29 ஆம் பிரிவு, நாட்டின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் நல்லாட்சிக்குமாகச் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கு வழங்கியது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, எந்தச் சமயத்தவரும் தம் சமயத்தைச் சுதந்திரமாக அனுட்டிப்பதைத் தடுக்கும் சட்டமும், ஒரு சமூகத்தவர்மீது மாத்திரம் சுமையேற்றும் சட்டமும், ஒரு சமூகத்தவருக்கு மாத்திரம் சலுகை வழங்கும் சட்டமும் இயற்றப்படலாகாது என்று விதித்தது. மூன்றாம் உட்பிரிவு, அத்தகைய சட்டம் செல்லாது என்றது. நான்காம் உட்பிரிவு, அரசியலமைப்பைத் திருத்துவதாயின் பிரதிநிதிகள் சபையின் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும் என்றும், அதற்குச் சபாநாயகர் கையொப்பமிட்ட சான்றிதழ் வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

இவ்வெல்லைகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1958 இல் இலஞ்சச் சட்டம் திருத்தப்பட்டு, இலஞ்ச நியாயசபை ஒன்று அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினரை நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கவில்லை. நீதித்துறை அலுவலரை அவ்வாணைக்குழுவே நியமிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. அச்சட்டத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மைச் சான்றிதழும் இருக்கவில்லை. அந்நியாயசபையாற் குற்றவாளியாகக் காணப்பட்ட ரணசிங்க என்பவரின் வழக்கு, அந்நாளில் எமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாகிய இங்கிலாந்துப் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. நியாயசபையின் தீர்ப்புச் செல்லாது என்று 1964 இல் அம்மன்றம் முடிவு செய்தது. சட்டமியற்றும் சபையும் தனக்கு விதிக்கப்பட்ட முறைப்படியே சட்டமியற்ற வேண்டும் என்பது இதனால் உறுதியாயிற்று. 29 ஆம் பிரிவு சமூகங்களுக்கிடையே செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின் அடித்தளம் என்ற கருத்தையும் அத்தீர்ப்பு வெளியிட்டது.

மறு ஆண்டு இன்னொரு பெரிய வழக்கு அதே மன்றத்தை அடைந்தது. 1962 சனவரியில் அரசைக் கவிழ்க்கச் சதி செய்தனர் என்று இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் சிலர் கைது செய்யப்பட்டனர். அதன் பின்னரே, அவர்கள் செய்ததாகக் கூறப்பட்ட செயலை நோக்கி ஒரு விசேட சட்டம் இயற்றப்பட்டது. அது பின்னோக்கிச் செல்லும் வலுவுடையது. சாட்சிய விதிகளை மாற்றியது. ஆகக் குறைந்த தண்டனை பத்து ஆண்டுச் சிறையென்றும், சொத்துக்கள் யாவும் பறிமுதலாகுமென்றும் விதித்தது. விசாரிக்கும் நீதிபதிகளை நீதியமைச்சரே பெயர் குறிப்பிடலாம் என்றும் கூறியது. அவ்வாறு குறிப்பிடப்பட்ட மூன்று நீதிபதிகளும் அந்த நியமனமே செல்லாது என்று தீர்ப்பளித்துத் தாமே விலகிக்கொண்டமை எமது நீதித்துறை வரலாற்றில் ஒளிரும் ஓர் ஏடு. பின்னர் வேறு நீதிபதிகள் முன் நடந்த விசாரணையில் 1965 ஏப்பிரலில் பதினொருவர் தண்டிக்கப்பட்டனர். அதே ஆண்டு திசெம்பரில் பிரிவிக் கவுன்சில் அத்தண்டனைகளை நீக்கியது. குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்கென்றே நீதிபதியின் கையைக் கட்டிவைக்கும் சட்டம், சட்டத்தின் உருவில் வந்த தீர்ப்பேயாகும் என்பதும், நீதி வழங்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு உரியதன்று என்பதும் லியனகே வழக்கு என்று வழங்கும் அவ்வழக்கின் சாரம். வட்டைவிதானையார் ஒருவரின் வாய்க்காலை அடைக்கலாகாது என்றோமே, அதுவே இது.

நிற்க. அந்த 1965 ஆம் ஆண்டிலேயே எமது கல்முனையைத் தொட்ட ஒரு வழக்கும் எழுந்தது. உலகின் பல நாடுகளில் அரசியலமைப்புச் சட்டம் கற்போர் இன்றும் காரியப்பர் வழக்கு என்று அதனைப் படிக்கின்றனர். கல்முனைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர் அவர்களின் பெயரே அவ்வழக்குக்கு வாய்த்தது. சட்டசபை உறுப்பினர்கள் இலஞ்சம் பெற்றனரா என்று ஆராய 1959 இல் ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கையிலே சிலர்மீதான முறைப்பாடுகள் நிரூபணமாயின என்று கூறப்பட்டிருந்தது. அவ்வறிக்கையை அடியொற்றி, 1965 இன் 14 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அது குறிப்பிட்டோருக்கு ஏழாண்டு காலம் வாக்களிக்கும் உரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் இல்லாமற் போயின. உறுப்பினராயிருந்தவரின் ஆசனமும் வெற்றிடமாயிற்று.

மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினரை, நீதிமன்றத்திலே குற்றவாளியாகக் காணாமல், சபை ஒரு சட்டத்தின் மூலம் அகற்றலாமா என்பதே வழக்கின் வினா. தம்மை உறுப்பினராக ஏற்குமாறு கட்டளையிடும்படி, பிரதிநிதிகள் சபையின் செயலாளருக்கு எதிராகக் காரியப்பர் அவர்கள் நீதிமன்றத்தை நாடினார். உயர் நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. வழக்கு பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றது. லியனகே வழக்கிலே கூறியதை இங்கும் கூறுங்கள் என்பதே அவர் தரப்பின் வாதத்தின் உயிர்நாடி.

1967 இல் வெளிவந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமையவில்லை. அதன் காரணங்கள் இரண்டு. முதலாவது, இச்சட்டம் எவரையும் குற்றவாளியென்று தானே பிரகடனம் செய்யவில்லை, சிறைக்கும் அனுப்பவில்லை. ஆணைக்குழு ஒன்றின் முடிவை வைத்துக்கொண்டு, பொதுவாழ்வைத் தூய்மையாக வைத்திருத்தல் என்னும் நோக்கத்துக்காகத் தகுதியீனம் விதித்தது. ஆதலின் இது தீர்ப்பன்று, சட்டமே என்று மன்றம் கருதிற்று. இரண்டாவது காரணம் மேலும் நுட்பமானது. இச்சட்டம் அரசியலமைப்போடு முரண்படுகின்றது என்பதை மன்றம் மறுக்கவில்லை. ஆயின், லியனகே வழக்கிலே குறைவாயிருந்த மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சபாநாயகரின் சான்றிதழும் இச்சட்டத்துக்கு இருந்தன. “இது அரசியலமைப்பைத் திருத்தும் சட்டம்” என்று அதன் முகப்பில் எழுதியிராவிட்டாலும், உரிய முறைப்படி நிறைவேறியமையால் அது திருத்தமாகவே கொள்ளப்படும் என்றது தீர்ப்பு.

இத்தீர்ப்பு சரியோ பிழையோ என்று சட்டவல்லுநர் இன்றும் வாதிடுவர். அதனை விடுத்து, சாதாரண மக்களாகிய நாம் அதனின்று பெறும் படிப்பினையைக் காண்போம். நீதிமன்றம் ஒரு சட்டத்தைப் பரிசோதிக்கும்போது, சட்டம் நல்லதா தீயதா என்று முதலிற் கேட்பதில்லை. விதித்த முறைப்படி வந்ததா என்று கேட்கின்றது. பின்னர், இது சட்டந்தானா அன்றிச் சட்டவேடம் பூண்ட தீர்ப்பா என்று கேட்கின்றது. முறையென்னும் வாயில் அகலத் திறந்திருந்தால் அதன்வழியே பலவும் உள்ளே வந்துவிடும். மூன்றில் இரண்டு என்பது ஒரு மதில். போதிய உறுப்பினரைத் திரட்டிக்கொண்ட அரசுக்கு அது ஏணி வைத்து ஏறிக் கடக்கக்கூடிய மதிலே.

அக்காலத்து வழக்குகளுள் விடை காணாமலே முடிந்த ஒன்றையும் குறிப்பிடல் தகும். சிங்களத் தேர்ச்சி பெறாமையாற் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞரான கோடீஸ்வரன் அவர்கள், அரசகரும மொழிச் சட்டமே 29 ஆம் பிரிவுக்கு மாறானது என்று வழக்கிட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்கிட முடியாது என்று கூறி உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. வழக்கிட முடியும் என்று 1969 இல் பிரிவிக் கவுன்சில் கூறி, மொழிச்சட்டம் பற்றிய வினாவை உயர் நீதிமன்றமே ஆராய வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. அவ்வினா ஆராயப்படவேயில்லை. 1971 இல் பிரிவிக் கவுன்சில் மேன்முறையீடு ஒழிந்தது. 1972 இல் முதலாவது குடியரசு அரசியலமைப்பு வந்தபோது 29 ஆம் பிரிவும் மறைந்தது. ஒரு நீதிமன்றம் வினாவுக்கு விடையளிக்காது நாட்கடத்துவதும் மக்களுக்கு ஒருவகை விடையாகவே அமைந்துவிடுகின்றது.

1972 இன் அரசியலமைப்பு ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. நிறைவேறிய சட்டம் செல்லுமா செல்லாதா என்று ஆராயும் அதிகாரம் நீதிமன்றங்களிடமிருந்து எடுக்கப்பட்டது. சட்டமூலமாயிருக்கும்போதே ஆராய்வதற்கு அரசியலமைப்பு நீதிமன்றம் என்ற தனி மன்றம் ஏற்படுத்தப்பட்டது. 1978 இன் அரசியலமைப்பு அப்பொறுப்பை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. ஆயினும் அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. சபாநாயகர் சான்றுரைத்த பின்னர் எந்தச் சட்டத்தின் வலிதுடைமையையும் எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்தலாகாது என்று 80 ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி கூறுகின்றது. இந்தியாவிலே எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் ஒரு சட்டத்தை நீதிமன்றம் ஆராயலாம். இலங்கையிலோ வாயில் முன்னே மாத்திரம் திறந்திருக்கின்றது. சட்டம் பிறந்த பின்னர் அது மூடப்படுகின்றது.

ஆதலின் அவ்வாயில் திறந்திருக்கும் வேளையை அறிந்திருத்தல் நம் அனைவருக்கும் இன்றியமையாதது. சட்டமூலம் முதலில் வர்த்தமானியிலே வெளியாகின்றது. பின்னர் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறுகின்றது. அதற்குப் பின் அரசியலமைப்பு விதித்துள்ள குறுகிய காலத்துக்குள் இந்நாட்டுப் பிரசை எவரும் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். தமக்கு நேரடிப் பாதிப்பு உண்டென்று காட்ட வேண்டிய அவசியமுமில்லை. நீதிமன்றம் மூன்று வாரத்துள் தன் முடிவைத் தெரிவித்தல் வேண்டும். அம்முடிவு பலவகைப்படும். சாதாரண பெரும்பான்மை போதும் எனலாம். மூன்றில் இரண்டு வேண்டும் எனலாம். நாட்டின் ஒற்றையாட்சித் தன்மை, மக்களின் இறைமை, சிந்தனை மனச்சாட்சி மதச் சுதந்திரம், சித்திரவதைக்கு உட்படாமை போன்ற உறுப்புரைகளைத் தொடுவதாயின், மூன்றில் இரண்டுக்கு மேலாக மக்கள் தீர்ப்பும் வேண்டும் எனலாம். அவசர சட்டமூலம் என்ற பெயரில் ஓரிரு நாளில் நீதிமன்றத்தின் கருத்தைப் பெற்றுவிடும் வழியொன்று முன்னர் இருந்தது. 2015 இன் 19 ஆம் திருத்தம் அதை நீக்கியது. 2020 இன் 20 ஆம் திருத்தம் அதற்கு மீண்டும் இடமளித்தது. 2022 இன் 21 ஆம் திருத்தம் மறுபடியும் நீக்கியது. ஒரு சிறிய வாயிலுக்காக எட்டாண்டுக்குள் மூன்று திருத்தங்கள் வந்தன என்பதிலிருந்தே அதன் பெறுமதி புலனாகும்.

வாயில் மூடிய பின்னர் தட்டினால் என்னாகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2023 இல் அதன் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், பல வாசகங்கள் தான் கூறியபடி திருத்தப்பட்டாலன்றி மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவைப்படும் என்றது. 2024 சனவரியில் 108 வாக்குகளால் அது நிறைவேறியது. 225 பேர் கொண்ட சபையில் மூன்றில் இரண்டு 150 ஆகும். நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் யாவும் சேர்க்கப்படாமலே சபாநாயகர் சான்றுரைத்துவிட்டார் என்று முறையிட்டு மனுச் செய்யப்பட்டது. 80 ஆம் உறுப்புரை குறுக்கே நின்றமையால் அம்மனு பயனளிக்கவில்லை.

இனி, உரிமையொன்று பாதிக்கப்படும்போது நீதிமன்றம் எவ்வளவு கூர்மையாகப் பார்க்கின்றது என்பதைக் காண்போம். எல்லாச் சட்டங்களையும் ஒரே கண்ணாடியால் நோக்குவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நீதிமன்றம் இதனை மூன்று படிகளாக வகுத்துள்ளது. வியாபாரம், வரி முதலியவற்றைப் பற்றிய சட்டமாயின் நியாயமான ஒரு காரணம் இருந்தாற் போதும். ஆண், பெண் என்று வேறுபடுத்துவதாயின் வலுவான காரணம் வேண்டும். இனத்தால் வேறுபடுத்துவதாயின், தவிர்க்க இயலாத தேவை உண்டென்றும், வேறு மென்மையான வழியில்லையென்றும் அரசே நிறுவ வேண்டும். எமது நாட்டில் இப்படிகள் இதே பெயரில் இல்லை. எனினும் அரசியலமைப்பின் வாசகங்களிலேயே ஒரு படிமுறை அமைந்திருக்கின்றது. 10 ஆம், 11 ஆம் உறுப்புரைகளின் உரிமைகளுக்கு எவ்வித மட்டுப்பாடும் இல்லை. சமயத்தை வழிபாட்டாலும் அனுட்டானத்தாலும் வெளிப்படுத்தும் உரிமை போன்றவற்றை, 15 ஆம் உறுப்புரை எண்ணிக் கூறும் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் முதலிய நோக்கங்களுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். சமத்துவ உரிமையைப் பொறுத்தவரை, மக்களை வகைப்படுத்துவதற்கு விளங்கத்தக்க அடிப்படை உண்டா, அவ்வகைப்பாட்டுக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் பொருத்தமான தொடர்பு உண்டா என்று எமது நீதிமன்றங்கள் கேட்கின்றன.

இதிலே நாம் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. கடுமையாக ஆராய்வோம் என்று சொல்வதாலேயே கடுமையான ஆராய்வு நடந்துவிடாது. இரண்டாம் உலகப்போரின்போது சப்பானிய வம்சாவளி அமெரிக்கர் தம் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டனர். 1944 இல் கொரமாட்சு வழக்கிலே, இன அடிப்படையிலான தடைகளை மிகக் கண்டிப்பாக ஆராய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அமெரிக்க நீதிமன்றம் அவ்வகற்றலை ஏற்றுக்கொண்டது. அத்தீர்ப்புப் பிழையானது என்று அதே நீதிமன்றம் வெளிப்படையாகக் கூற 2018 வரை சென்றது.

எமது நாட்டிலும், குறிப்பாக எமது கரையோர ஊர்களிலும், நெஞ்சில் ஆறாத வடுவாக நிற்பது கொவிட் காலத்து ஜனாஸா எரிப்பு. 2020 ஏப்பிரலில் வெளியான ஒழுங்குவிதி, அந்நோயால் இறந்தோர் யாவரையும் எரிக்க வேண்டும் என்றது. அடக்கமும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்பதே உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டலாக இருந்தது. இங்கு எதிர்க்கப்பட்டது பாராளுமன்றச் சட்டமன்று, அமைச்சர் ஆக்கிய ஒழுங்குவிதி. ஆட்சித்துறையின் செயலாகையால், அதனை 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவால் எதிர்க்க வழியிருந்தது. வாதிக்கத்தக்க வினாக்களும் இருந்தன. உரிமையை மட்டுப்படுத்தும் “சட்டம்” என்பதனுள் பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் ஒழுங்குவிதிகள் அடங்கும் என்று 15 ஆம் உறுப்புரை வெளிப்படக் கூறுகின்றது. தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் ஒழுங்குவிதிகளைப் பற்றி அவ்வாறு கூறவில்லை. சுகாதாரம் என்ற நோக்கத்துக்கு எரித்தல் ஒன்றே வழியா என்பதும் வினா. ஆயினும் 2020 திசெம்பர் 1 ஆம் நாள், மூவர் கொண்ட உயர் நீதிமன்ற அமர்வு பெரும்பான்மை முடிவால் மனுக்களை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. 2021 பெப்ரவரி இறுதியில் அரசே ஒழுங்குவிதியை மாற்றி அடக்கத்துக்கு இடமளித்தது. ஓட்டமாவடி மண்ணிலே ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்பட்டன. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்தவர்களுக்கு அவற்றால் ஆவதொன்றுமில்லை. வாயில் திறந்திருப்பது மாத்திரம் போதாது, உள்ளே இருப்போர் கேட்டு ஆராயவும் வேண்டும் என்பதை இதனினும் வேதனையோடு உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை.

நேயர்களே, அரசியலமைப்பு என்பது கொழும்பிலே வழக்கறிஞர் கையில் இருக்கும் தடித்த புத்தகம் என்று எண்ணி நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகும் நாளில் அதன் தமிழ்ப் பிரதியை வாங்கிப் படிப்போர் ஒவ்வோர் ஊரிலும் சிலரேனும் வேண்டும். நூல்நிலையங்களும், பள்ளிவாசல் நிருவாகங்களும், கோவிற் சபைகளும், ஆசிரியர் சங்கங்களும் இதனைத் தம் கடமையாகக் கொள்ளலாம். பாடசாலைகளிலே குடியியற் கல்வி கற்பிக்கும் நாம், பாராளுமன்றத்தின் உறுப்பினர் தொகையை மனனம் செய்விப்பதோடு நில்லாமல், சட்டமூலம் எந்நாளில் யாராற் கேள்வி கேட்கப்படலாம் என்பதையும் பிள்ளைகளுக்குப் போதித்தல் வேண்டும். மனுச் செய்யும் உரிமை நாட்டிலுள்ள ஒவ்வொரு பிரசைக்கும் உண்டு. அதைப் பயன்படுத்தும் காலம் மிகக் குறுகியது. அக்காலம் கடந்தபின் எழும் கூக்குரலை நீதிமன்றம் கேட்க இயலாது. காலத்தோடு எழும் ஒரு தனிமனிதனின் மனுவைப் பாராளுமன்றமும் கேட்டே ஆக வேண்டும்.